பாஸ்வேர்டு எழுதும் கட்டம்

பதினோரு சதவீதம். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவப் போனபோதும் பதினொன்றுதான் இருந்தது, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோதும் பதினொன்று, இப்போது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாலும் அதே பதினொன்று. ஒரு பச்சைக் கோடு, அதன் கீழே டி டிரைவ் என்க்ரிப்ட் ஆகிறது என்று ஒரு வரி, அவ்வளவுதான் திரையில். உள்ளே என்ன நடக்கிறது என்று வக்கீலம்மாவின் ஜூனியர் பெண் போன வாரம் எனக்கு விளக்கினாள். "டிஸ்க்ல இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் கலைச்சுப் போட்டுரும்க்கா, பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க வந்து கேட்டாத்தான் திரும்ப அடுக்கிக் குடுக்கும், கம்ப்யூட்டர எவனாவது தூக்கிட்டுப் போனாலும் சரி, டிஸ்க்க மட்டும் கழட்டிட்டுப் போனாலும் சரி, அவனுக்கு ஒண்ணும் புரியாது." புரிகிற மாதிரி தலையை ஆட்டினேன். ஆட்டி ஆட்டியே பழகிய தலை. கோர்ட்டுக்கு எதிரே ஒரு தகரக் கடையில் பதினாறு வருஷம் டைப்படித்தேன், அப்புறம் வக்கீல் மங்கையர்க்கரசி அம்மா நடத்துகிற பெண்கள் உதவி மையத்துக்காக இந்த ஒன்பது வருஷம் வீட்டிலிருந்தே, இந்தச் சொந்த லேப்டாப்பில். வீட்டை விட்டு வெளியே வந்த பெண்கள் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து டைப்படிப்பேன். எங்கே அடித்தான், எதால் அடித்தான், பக்கத்து வீட்டில் யார் கேட்டது, இப்போது எங்கே தங்கியிருக்கிறாய். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் இந்த டி டிரைவில் இருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் நான் அடித்தது, இப்போது அது ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருக்கிறது. கலையட்டும். பன்னிரண்டு.

டைப்படித்தே பிடித்துப்போன தோள்பட்டை மறுபடியும் இழுக்கிறது. உள்ளறையில் என் வீட்டுக்காரர் சேவியர் குறட்டை விட்டுத் தூங்குகிறார், பணி ஓய்வு வாங்கியதிலிருந்து மத்தியானத் தூக்கம் அவருக்கு ஒரு வேலை, சரியாக நாலு மணிக்கு எழுந்து டீ கேட்பார். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் ஓய்வு என்று ஒரு கடிதாசு யாரும் கொடுக்கவில்லை. சரி, அதை விடு. கரண்ட் மட்டும் போகக்கூடாது. இந்த உறையூரில் ஆடி மாதக் காற்றுக்கு எங்காவது ஒரு கிளை கம்பியில் உரசினால் போதும், ஒன்றரை மணி நேரம் காணாமல் போய்விடும், லேப்டாப் பேட்டரி இருபது நிமிஷம் தாங்கினால் பெரிய விஷயம். நடுவில் நின்றால் ஒன்றும் ஆகாது, விட்ட இடத்திலிருந்து தொடரும் என்றாள் அந்தப் பெண், அதே மூச்சில், ஆனாலும் நிற்க விடாதீங்க என்றாள். இப்படிச் சொன்னால் மனுஷி எதை நம்புவது? பாதி கலைந்து பாதி கலையாமல் நின்றுபோனால் அந்தப் பாதிப் பெண்கள் யார் யாராக இருப்பார்கள் என்று ஒரு யோசனை ஓடுகிறது, பைத்தியக்கார யோசனை. ஆரம்பிக்கும்போது அது ஒரு கேள்வி கேட்டது. இருக்கிற ஃபைல்களை மட்டும் பூட்டவா, இல்லை மொத்த டிஸ்க்கையும் பூட்டவா? முதலாவது சீக்கிரம் முடியும், இரண்டாவது நேரம் எடுக்கும். ஆனால் நாம் அழித்துவிட்டோம் என்று நினைக்கிறவை எல்லாம் உண்மையில் அழிவதில்லையாம், பெயர் மட்டும் போய், உள்ளே கிடந்துகொண்டே இருக்குமாம், தேடத் தெரிந்தவன் தேடினால் கிடைக்குமாம். அதையும் பூட்டுகிறதுதான் இரண்டாவது. நான் இரண்டாவதைத்தான் அமுக்கினேன். அழித்தது எதுவும் போகவில்லை என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பதினேழு. இந்தப் பூட்டு எதற்கு என்று ஜூனியர் சொன்னது எல்லாம் திருடனைப் பற்றி. தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், டிஸ்க்கைக் கழற்றுகிறவன். என் லேப்டாப்பை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லையே, நானே அல்லவா துணிப்பையில் வைத்து, வெயிலில் ஆட்டோ பிடித்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். தை மாதம். கீபோர்டில் நாலைந்து எழுத்து வேலை செய்யவில்லை, எத்தனை அமுக்கினாலும் விழவில்லை. அந்தக் கடையில் ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்தார்கள், பெயர், செல் நம்பர், என்ன பழுது, அதற்குக் கீழே பாஸ்வேர்டு என்று அச்சடித்தே ஒரு கட்டம். எல்லாக் கடையிலும் அப்படித்தான் இருக்கிறது, எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள், எனக்கு முன்னால் நின்ற ஒரு காலேஜ் வாத்தியார்கூட எழுதினார். நானும் எழுதினேன். எழுதினேன் என்றால் எப்படி? டைப்பிஸ்ட் அல்லவா, பிழை வந்துவிடக்கூடாதே, ஒவ்வொரு எழுத்தாகத் தனித்தனியாக, முதல் எழுத்துக்கு அடியில் கோடு போட்டு 'இது பெரிய எழுத்து' என்று பக்கத்தில் குறிப்பும் எழுதி, பூஜ்யத்துக்கும் ஆங்கில ஓ-வுக்கும் குழப்பம் வராமலிருக்க பூஜ்யத்தின் நடுவில் ஒரு கோடு இழுத்து. கடைக்காரன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் உங்கள மாதிரி தெளிவா எழுதினா எங்களுக்கு வேலை ஈஸிங்கம்மா" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்தச் சந்தோஷம்தான் முதலில் வந்து நிற்கிறது, மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் கட்டம் இருக்கிறதே என்று எழுதினேன், வேறு காரணம் எதுவும் இல்லை. கட்டம் போட்டு ஒரு காகிதத்தை எவன் நீட்டினாலும் நிரப்பிவிடுகிற கை இது. இருபத்தைந்து வருஷமாக மனு, பிரமாணப் பத்திரம், வாக்குமூலம், தகப்பன் பெயர், கணவன் பெயர், தற்போதைய முகவரி, எந்தக் கட்டமும் காலியாக இருந்தால் இந்தக் கைக்குத் தாங்காது. ஃபைலுக்குப் பெயர் வைப்பதும் அப்படித்தான், ஆள் பெயரும் ஊரும் தங்குமிடமும் பெயரிலேயே இருக்க வேண்டும், திறக்காமலே தெரிய வேண்டும், வக்கீலம்மா போன் பண்ணிக் கேட்டால் உடனே சொல்ல வேண்டும். "ஸ்டெல்லாகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல வந்துரும்" என்று அந்தம்மா நாலு பேர் நடுவில் சொல்லும்போது உள்ளே குளிர்ந்துபோகும். சிந்துஜா, கரூர், மகளிர் விடுதி, பெயரோடு தெருவோடு. அதுதான் ஃபைலின் பெயர். அது டி டிரைவில்கூட அப்போது இல்லை, அந்த வாரத்து வேலை என்பதால் திரையிலேயே, மேலே இடது பக்க மூலையில், லேப்டாப்பைத் திறந்த உடனே கண்ணில் படுகிற இடத்தில். மூன்று நாள் கடையில் இருந்தது. எழுத்தெல்லாம் நன்றாக விழுகிறதா என்று அடித்துப் பார்க்கக் கடைக்காரன் திறந்திருப்பான், திறக்காமல் எப்படி அடித்துப் பார்ப்பது. இருபது. இருபத்தொன்று. கொஞ்சம் வேகம் எடுத்திருக்கிறது.

சிந்துஜாவுக்கு இருபத்துமூன்று வயது. மையத்துக்கு முதல் நாள் வந்தபோது கழுத்தில் துப்பட்டாவை இரண்டு சுற்று சுற்றியிருந்தாள், அது ஏன் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது, கேட்டு எழுத வேண்டியதும் என் வேலைதான். அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது லோகேஸ்வரி, பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவள், லோகு. ஒரு ராத்திரி முழுக்க அவளைத் தன் வீட்டில் வைத்திருந்து, விடியற்காலையில் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து அழைத்துக்கொண்டு வந்தவள். சிந்துஜா பேசப் பேச லோகு பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டாள், அத்தனை களைப்பு, வாய் லேசாகத் திறந்திருந்தது. படிவத்தில் கடைசிக் கட்டம் 'அவசரத்துக்கு யாரிடம் சொல்லலாம்' என்பது. அம்மா பெயர் சொல்வாள் என்று காத்திருந்தேன். தூங்குகிறவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "லோகேஸ்வரின்னு போடுங்கக்கா" என்றாள். கரூரில் ஒரு விடுதி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷின், எல்லாம் வக்கீலம்மா ஏற்பாடு. இடம் தெரிந்தது நாலே பேருக்கு, அவளுக்கு, லோகுவுக்கு, வக்கீலம்மாவுக்கு, எனக்கு. மாசி முதல் வாரம் வேலை முடிந்து வருகிறவளை விடுதி கேட்டுக்கு முன்னால் அவள் புருஷன் மறித்தான். கையைப் பிடித்து முறுக்கியதில் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட கையோடு தையல் மெஷினில் யார் உட்காரவைப்பார்கள், வேலை போனது, இந்த வம்பெல்லாம் இங்கே வேண்டாம்மா என்று விடுதிக்காரி பெட்டியை வெளியே வைத்துவிட்டாள்.

அதன் பிறகு ஒரு நாள் மத்தியானம், இதே மாதிரி ஒரு மத்தியானம், சார்ஜர் ஒயர் விட்டுப்போனதென்று அந்தக் கடைக்குப் போனேன். உள்ளே ஸ்டூலில் ஒருத்தன் காலை ஆட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். கடைக்காரன் என்னிடம் சார்ஜரை எடுத்துக் காட்டிக்கொண்டே அவனிடம், "மாப்ள, அந்த ஃபேன கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு" என்றான். ஃபேனைத் திருப்ப எழுந்தவனைப் பார்த்தேன். சிந்துஜாவின் புருஷன். கோர்ட்டில் இரண்டு வாய்தாவில் பார்த்த முகம், நானே டைப்படித்த அடையாளம், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. அவனுக்கு என்னைத் தெரியவில்லை, டைப்படிக்கிறவளை யார் பார்க்கிறார்கள். சார்ஜரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மீதிச் சில்லறையை எடுத்துக்கொள்ளாமலே இறங்கி வந்துவிட்டேன், கடைக்காரன் பின்னால் கூப்பிட்டான், நல்லவன் மாதிரிதான் கூப்பிட்டான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஃபைலை அழித்தேன், அழித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் குப்பைத்தொட்டியிலிருந்து திரும்ப எடுத்தேன், கேஸ் நடக்கிறதே, எப்படி அழிப்பது. பெயரை மட்டும் மாற்றி வெறும் நம்பராக வைத்தேன். வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், அந்தம்மா மனசு சரியில்லாத நாள் இது, இன்றைக்கு வாய்தா, இன்றைக்கு ஆள் நிறைய. இப்போது அந்தம்மாவே எல்லோரும் கம்ப்யூட்டரைப் பூட்டுங்கள் என்று சொல்லியபோது, நான்தான் முதல் ஆளாக, "ரொம்ப நல்லதும்மா" என்றேன்.

முப்பத்தெட்டு. என்னை யாரும் கேட்கவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. சிந்துஜாவே விடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். மாவுக்கட்டோடு போன் பண்ணினாள். "நாலு பேருக்குத்தான்க்கா தெரியும். வக்கீலம்மா சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. வேற யாரு மிச்சம்?" அவளே தொடர்ந்தாள். "லோகுவுக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன்க்கா. எம் புருஷன்கூட உனக்கு என்னடி பேச்சுன்னு கேட்டுட்டேன். அழுதா. நடிக்காதடின்னு வச்சுட்டேன்." நான் என்ன சொன்னேன்? "சரிம்மா, கையப் பாத்துக்க" என்றேன். மணிக்கட்டு முறிந்த பெண் தன்னுடைய ஒரே சிநேகிதியையும் வெட்டிப் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள், கையைப் பார்த்துக்கொள் என்றேன். சித்திரையில் லோகு இந்த வீட்டுக்கே வந்தாள். இதோ இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. "நான் சொல்லலன்னு நீங்களாவது அவகிட்ட சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா நம்புவா." காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போதுமா என்று கேட்டேன், பேசிப் பார்க்கிறேன் என்றேன். அவள் படியிறங்கிப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் கண்ணைத் துடைக்க முடியாமல் விரலை விட்டுத் துழாவிக்கொண்டு போனாள். பெரிய வியாழன் வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் முழங்கால் போட்டேன், வாயிலிருந்து வந்தது என்னமோ, 'வேலையில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் சாமி' என்பதுதான். அவர் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். கவனக்குறைவுக்கு மன்னிப்புக் கிடைத்திருக்கும், மற்றதற்கு விண்ணப்பமே போகவில்லை.

நாற்பத்தொன்று. காலையில் பாஸ்வேர்டு கேட்டபோது அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறந்த தேதி கூடாது, பிள்ளை பெயர் கூடாது, வீட்டு நம்பர் கூடாது, "நீங்க மட்டும் நெனைக்கிற ஒரு வாக்கியமா வைங்கக்கா, நீளமா, வேற யாரும் யூகிக்கவே கூடாது" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நான் மட்டும் நினைக்கிற வாக்கியம். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், அதை இந்தத் தெருவில் பாதிப் பேர் நினைக்கிறார்கள், அழித்தேன். அப்புறம் கை தானாகப் போனது, ஆங்கில எழுத்தில், லோகு சொல்லல நான்தான். இடைவெளி இல்லாமல். இருபது எழுத்து. திரையில் இருபது கறுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்து நின்றன. சரிபார்க்க இன்னொரு முறை அடிக்கச் சொன்னது, அடித்தேன், மறுபடியும் இருபது புள்ளிகள். ஐந்து மாதத்தில் அதை நான் வெளியே எடுத்தது அப்போதுதான். பொருந்துகிறது என்று ஏற்றுக்கொண்டது. இனி ஒவ்வொரு நாளும் காலையில் இதை அடித்தால்தான் என் வேலை ஆரம்பிக்கும், இதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது, தினமும் சொல்கிறேன் அல்லவா, சாமியாரிடம் சொல்லாததை, சிந்துஜாவிடம் சொல்லாததை. மனசு எப்படியெல்லாம் பேரம் பேசுகிறது பார். இதிலும் ஒரு கூத்து இருக்கிறது, இத்தனை பெரிய பூட்டை அந்தத் தை மாதமே போட்டிருந்தாலும், மஞ்சள் சீட்டில் கட்டம் இருந்திருக்கும், நான் இருபது எழுத்தையும் அடிக்கோடு போட்டு எழுதிக் கொடுத்திருப்பேன்.

பிறகு அது ஒரு சாவி கொடுத்தது. பாஸ்வேர்டு மறந்துபோனால் இதைக் கொடுத்தால்தான் திறக்கும், இதுவும் தொலைந்தால் கடவுளே வந்தாலும் திறக்காது. நாற்பத்தெட்டு இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கட்டு. அதை இந்த டிரைவிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று பார்த்தால் விடவில்லை, பூட்டுகிற பெட்டிக்குள்ளேயே அதன் சாவியை வைக்கக்கூடாதாம், நியாயம்தான். பிரிண்ட் எடுத்தேன். அந்தக் காகிதத்தை எங்கே வைப்பது? பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன், சேவியர் இன்சூரன்ஸ் பேப்பர் தேடுகிறேன் என்று அங்கேதான் முதலில் கை விடுவார், எடுத்தேன். பைபிளுக்குள் வைத்தேன், சாயங்கால ஜெபத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் புரட்டுவார்கள், எடுத்தேன். அரிசி டப்பா என்று யோசித்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ரகசியம் அரிசி டப்பாவில்தான் இருக்கிறது. இப்போதைக்கு ஜாக்கெட்டுக்குள் பர்ஸில் இருக்கிறது, வேர்வையில் மை கரையாமல் இருக்க வேண்டும். அறுபத்துநாலு. ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது. பச்சைக் கோடு மட்டும் நிற்காமல் நகர்கிறது, கீழே பேட்டரிப் படம் சிவப்பாகத் தொடங்குகிறது, எழுந்து நின்றேன், நின்று என்ன செய்வது, மறுபடியும் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து, "என்ன, பொட்டி இன்னும் சுத்துதா?" என்றார் சேவியர். "சுத்துது." "காலையிலேர்ந்து சுத்துதே. அப்படி என்னத்தப் பூட்டுற?" இந்தக் கேள்விக்கு ஒன்பது வருஷமாக ஒரே பதில் வைத்திருக்கிறேன், "அடுத்தவங்க விஷயம்." அவர் அதற்கு மேல் கேட்டதில்லை, நல்ல மனுஷன், என்னிடமிருந்து விஷயம் எதுவும் வெளியே போகாது என்று தன் அக்கா தங்கைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர். பதினெட்டு நிமிஷத்தில் கரண்ட் வந்தது. என் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

எண்பது. எண்பத்தாறு. தொண்ணூற்றொன்றில் வெகுநேரம் நின்றது, இஸ்திரிக்காரர் வந்து துணி வாங்கிக்கொண்டு போனார், மாடி வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது, கண் சொக்குகிறது, இப்போது தூங்கினால் இன்றைக்கு முடிந்தது. தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு நூறு என்று அது காட்டவே இல்லை, முடிந்தது என்று மட்டும் ஒரு சின்னக் கட்டம் வந்தது. கடிகாரத்தில் மூன்று மணி நாற்பது நிமிஷம். பெரிதாக ஏதோ ஆகும் என்று நினைத்திருந்தேன் போல. ஒருமுறை அணைத்துப் போட்டு, பாஸ்வேர்டு கேட்கிறதா, திறக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லியிருந்தாள் ஜூனியர், அணைத்துப் போட்டேன். அது மறுபடியும் உயிர் பிடித்து வந்துகொண்டிருக்கும்போது செல் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பர் என்றால் அவள்தான், மாதம் ஒரு நம்பரிலிருந்து பேசுவாள்.

"அக்கா, சிந்துஜா பேசுறேன். தூங்குனீங்களா?"

"இல்லம்மா. சொல்லு. கை எப்படி இருக்கு?"

"மடக்க வருதுக்கா. இங்க ஒரு எடத்துல பட்டன் கட்டுற வேலை, பரவால்ல. எங்கன்னு போன்ல சொல்ல வேணாம்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க."

"சொல்லாத. எங்கிட்டயும் சொல்லாத."

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்னக்கா." அவள் சிரித்தாள். சிரித்து எத்தனை நாள் ஆனதோ. "ஒரு வேலை இருக்குக்கா. என் ஃபாரத்துல அவசரத்துக்கு யாருன்னு லோகு பேரு குடுத்திருந்தேன்ல. அதை எடுத்துட்டு உங்க பேரப் போட்டுக்குங்கக்கா. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்பிச் சொல்றதுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா."

திரையில் டி டிரைவ் மேல் ஒரு பூட்டுப் படம் விழுந்திருந்தது. சரிம்மா என்று வாய் வரைக்கும் வந்தது, அத்தனை சுலபமான வார்த்தை, ஐந்து மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கட்டம் இருக்கிறது, பெயரைப் போட்டு நிரப்ப வேண்டியதுதான், கை அதற்குத் தயாராகக்கூட இருந்தது. களைப்பாக இருந்தது எனக்கு. அவ்வளவு களைப்பாக இருந்ததால்தானோ என்னவோ, இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு நடக்க உடம்பில் தெம்பில்லை.

"சிந்துஜா, லோகு சொல்லல. நான்தான்."

"என்னக்கா?"

"வேணும்னு இல்லம்மா. தை மாசம் லேப்டாப்ப ரிப்பேருக்குக் குடுத்தேன். பாஸ்வேர்டும் எழுதிக் குடுத்தேன். உன் ஃபைல் மேலயே இருந்துச்சு, விடுதி பேரோட. அந்தக் கடைக்காரன் உன் புருஷனோட சிநேகிதன். அவனை அந்தக் கடையில நானே பாத்தேன். லோகுவுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

வெட்டிவிட்டாளா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கேயோ அவள் பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கடந்து போனது.

"எப்பக்கா பாத்தீங்க அவனை?"

"மாசி கடைசியில."

"அஞ்சு மாசம்க்கா."

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. பிறகு பேசியபோது அந்தக் குரலில் அக்கா இல்லை.

"லோகு நம்பர் எங்கிட்ட இல்ல. அழிச்சுட்டேன். உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமா?"

"இருக்கு. இரு."

செல்லைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன், வலிக்கிற தோள்தான். பூட்டுப் படத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினேன், பாஸ்வேர்டு கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன், அவசரத்தில் ஒரு எழுத்து பிசகி, தவறு என்றது, மறுபடியும் முதலிலிருந்து, லோகு சொல்லல நான்தான், இருபது புள்ளிகள். திறந்தது. இருநூற்றுப் பன்னிரண்டும் அப்படியே இருந்தன, எதுவும் கலைந்த மாதிரியே தெரியவில்லை. அவளுடைய நம்பர் போட்ட ஃபைலைத் தேடித் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

"எழுதிக்கிறியா?"

"சொல்லுங்க."

இரண்டிரண்டு இலக்கமாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள், எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது, கடைசி இரண்டை நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள், ஞாபகம் வந்துவிட்டது போல. வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள். வக்கீலம்மாவுக்கு அடுத்ததாகப் போன் போட வேண்டும், ஆறு மணிக்கு மேல்தான் எடுப்பார், ஆறு வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை. திரையில் அந்தப் படிவம் திறந்தபடியே இருக்கிறது. அவசரத்துக்கு யாரிடம் சொல்லலாம் என்ற கட்டத்தில் லோகேஸ்வரி, தோழி, என்று நான் அன்றைக்கு அடித்தது அப்படியே இருக்கிறது. உள்ளேயிருந்து சேவியர் டீ கேட்கிறார், இன்றைக்கு அவரே போட்டுக்கொள்ளட்டும்.